வால்வு புதிது, நாண்கள் பழையவை: குடியாத்தம் வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு வணக்கம். நாங்கள் குடியாத்தத்தில் லுங்கி நெசவு செய்யும் குடும்பம். அம்மாவுக்கு 46 வயது. சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததாகப் பாட்டி சொல்வார். இரண்டு வருடமாக அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. ராட்டையில் தார் சுற்ற (ஊடை நூலைக் குச்சியில் ஏற்ற) உட்கார்ந்தால் கால் மணி நேரம்கூட முடிவதில்லை. வேலூரில் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தின் மைட்ரல் வால்வில் சுருக்கமும் (வழி குறுகலும்) கடுமையான கசிவும் சேர்ந்திருக்கின்றன, பலூன் சிகிச்சை முடியாது, வால்வை மாற்ற வேண்டும் என்றார்கள். ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர், "பழைய வால்வை முழுவதும் எடுக்க மாட்டோம், பின்பக்க இதழையும் அதைப் பிடித்திருக்கும் நாண்களையும் முடிந்தவரை விட்டுவைப்போம்" என்றார். எங்களுக்கு அதுதான் குழப்பம். கெட்டுப்போனதை உள்ளேயே விட்டால் நோய் திரும்ப வராதா? புதிய வால்வில் அது சிக்கிக்கொள்ளாதா? எங்கள் பெரியம்மாவுக்கு 1994-இல் முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் வால்வு வைத்தார்கள், இன்றும் நடமாடுகிறார். செலவைக் குறைக்க அரைகுறையாகச் செய்கிறார்களோ என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நாங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்? அம்மா மறுபடி எப்போது ராட்டையில் உட்காரலாம்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே அச்சம்தான்: பழையதை விட்டுவைப்பது வேலையில் குறை வைப்பது ஆகாதா என்பது. அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது குறை அன்று. அந்த மருத்துவர் உங்கள் அம்மாவுக்காகக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் சிரமம். இதழ்களையும் நாண்களையும் ஒட்டுமொத்தமாக வெட்டி எடுப்பது எளிது, சில நிமிட வேலை. எதை விடலாம், எதை எடுத்தே ஆக வேண்டும் என்று ஒவ்வொரு நாணாகப் பார்த்துப் பிரித்து, விட்டதைச் சரியான இடத்தில் பொருத்தித் தைப்பதற்குத்தான் பொறுமையும் பழக்கமும் வேண்டும்.

மைட்ரல் வால்வை ஒரு கதவு என்றே பலரும் நினைக்கிறார்கள். புறநோயாளிப் பிரிவின் அவசரத்தில் நாங்களும் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறோம். கதவு என்றால் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவதில் என்ன தயக்கம் என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆனால் இந்த வால்வு தனித்து நிற்கும் பொருள் அன்று. இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவில் நார்த்திசுவாலான ஒரு வளையம் இருக்கிறது. அதிலிருந்து முன்னிதழ், பின்னிதழ் என இரண்டு இதழ்கள் கீழறைக்குள் தொங்குகின்றன. அவற்றின் விளிம்பிலும் அடிப்பரப்பிலும் ஏறத்தாழ 25 வெண்ணிற நாண்கள் வந்து சேர்கின்றன. சில தையல் நூலளவு மெல்லியவை, முன்னிதழின் அடியில் இரண்டு மட்டும் நல்ல தடிமனானவை. இந்த நாண்கள் எல்லாம் கீழே போய், கீழறைச் சுவரிலிருந்து காம்பு போல எழுந்து நிற்கும் இரண்டு தசைத் திரள்களில் முடிகின்றன. பாப்பில்லரி தசை என்று நாங்கள் சொல்லும் அதனை இங்கே காம்புத் தசை என்றே எழுதுகிறேன். ஆக, வளையம், இதழ், நாண், காம்புத் தசை, கீழறைச் சுவர் என்று அறுபடாத ஒரே தொடராக அது அமைந்திருக்கிறது.

கீழறை சுருங்கும்போது இதழ்கள் மேலறைப் பக்கம் மடங்கிப் போய்விடாமல் பிடித்து நிறுத்துவது நாண்களின் ஒரு வேலை. இதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். உங்கள் அம்மாவுக்குப் புதிய வால்வு வைத்த பின் அந்த வேலை தேவைப்படாது. புதிய வால்வின் தகடுகள் தாமே மூடித் தாமே திறந்துகொள்ளும். பாடப்புத்தகம் சொல்லாமல் விடும் இரண்டாவது வேலைதான் நம் பேச்சுக்கு உரியது. கீழறை சுருங்கும்போது பக்கவாட்டில் மட்டும் குறுகுவதில்லை, நீளவாக்கிலும் குறுகுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வால்வின் வளையம் இதயத்தின் நுனியை நோக்கிக் கீழே இறங்கி மறுபடி மேலே போகும். அடுத்த முறை எக்கோ எடுக்கும்போது திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அந்த ஏற்ற இறக்கம் உங்கள் கண்ணுக்கே தெரியும். வளையத்தையும் கீழறைச் சுவரையும் உள்ளிருந்து இழுத்துக் கட்டி, அந்த அசைவுக்குத் துணைநிற்பவை இந்த நாண்களே. எல்லா நாண்களையும் அறுத்துவிட்டால் அந்த உட்கட்டு போய்விடுகிறது. வாழைப்பூ போல நீண்டு நுனி குவிந்திருக்க வேண்டிய கீழறை, நாளடைவில் பந்து போல உருண்டு விரிகிறது. விரிந்த அறையின் சுவர் அதே இரத்த அழுத்தத்தைத் தாங்கவே அதிகமாக இழுபட வேண்டியிருக்கிறது. அதனால் இன்னும் களைத்து இன்னும் விரிகிறது.

இதை உங்கள் வீட்டுத் தறியைக் கொண்டே சொல்ல முடியும். ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள், நெய்து முடிந்ததும், விழுதிலும் அச்சிலும் கோத்துக் கிடக்கும் பழைய இழைகளின் நுனியை உங்கள் அப்பா உருவி எறிந்துவிடுவதில்லை. அந்த நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார். பழைய இழை துணியாகப் போவதற்காக அங்கே விடப்படவில்லை. தறியின் ஒழுங்கு அதில் இருக்கிறது என்பதற்காகவே விடப்படுகிறது. உங்கள் அம்மாவின் பழைய நாண்களும் அப்படித்தான். அவை இனி வால்வாக வேலை செய்யப்போவதில்லை. கீழறையின் வடிவம் குலையாமல் காக்கப்போகின்றன. நோயுற்ற இதழ் புதிய வால்வின் வழியிலிருந்து ஒதுக்கப்படுகிறது, நாணின் பிடிப்பு மட்டும் வளையத்தோடு பிணைக்கப்படுகிறது.

இந்த அறிவு எங்கள் துறைக்கு நேர்வழியில் வந்து சேரவில்லை. வால்வு மாற்றும் வசதி வருவதற்கு முன், 1950-களிலிருந்தே, வேலூரில் மூடிய முறை அறுவை சிகிச்சை நடந்துவந்தது. இடது மார்பின் கீழே திறந்து, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் மேலறைக்குள் விரலையும் கீழறை வழியாக விரிப்பானையும் விட்டு, ஒட்டிக்கொண்ட இதழ்களைப் பிரித்துவிடுவார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அறுவை மருத்துவர்கள் இவ்வாறு சிகிச்சை பெற்ற 3,724 நோயாளிகளின் விவரத்தை 1983-இல் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்த எண்ணிக்கை அது. அந்நாளைய வட ஆற்காடு மாவட்டத்தின் ஊர்களில், இடது மார்பின் கீழ் பிறை போல வளைந்த தழும்போடு இருந்த எத்தனையோ அம்மாக்களை நான் பரிசோதித்திருக்கிறேன். அந்த முறையில் நாண்களை யாரும் தொடவில்லை. இதழ்கள் பிரிந்தன, நாண்கள் அப்படியே இருந்தன, கீழறை தன் வடிவத்தோடு இருந்தது.

1960-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார், பொறியாளர் லோவல் எட்வர்ட்ஸ் வடிவமைத்த பந்து வால்வை மைட்ரல் இடத்தில் வைத்து வெற்றி கண்டார். கூண்டுக்குள் ஒரு பந்து ஏறி இறங்கும் அமைப்பு அது. கூண்டு கீழறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு இடம் வேண்டும், பந்தில் எதுவும் சிக்கக் கூடாது என்பதால், உள்ளே இருந்ததையெல்லாம் வெட்டி எடுப்பதே முறையாயிற்று. 1964-இலேயே வால்டன் லில்லிஹை, நாண்களையும் காம்புத் தசைகளையும் காப்பாற்றி வால்வு மாற்றினால் அறுவைக்குப் பிந்தைய இதயத் தளர்ச்சி குறைகிறது என்று எழுதினார். ஆனால் வேறுபாடு எதுவும் இல்லை என்று சொன்ன சோதனைகளும் அதே பத்தாண்டில் வந்தன; பெரும்பாலோர் எளிய வழியிலேயே நின்றுவிட்டார்கள். 1980-களில் டொராண்டோவில் டிரோன் டேவிட் இந்தக் கேள்வியை மறுபடி எழுப்பிய பிறகுதான் உலகம் அதனைக் கவனித்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வீணாயின என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கிறது.

ஏனென்றால் நானும் அந்த எளிய வழியில் பயின்றவன். தனியாக அறுவை செய்யத் தொடங்கிய முதல் ஆண்டுகளில், போளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். முப்பத்தெட்டு வயது, கடுமையான கசிவு. எனக்குக் கற்பித்தபடியே இரண்டு இதழ்களையும் எல்லா நாண்களையும் வெட்டி எடுத்தேன். எஃகுக் கிண்ணத்தில் கிடந்த அந்த வால்வு இன்னும் என் கண்முன் இருக்கிறது: வாடிய இதழ் ஒன்று, அதன் விளிம்பிலிருந்து வெங்காயத்தின் வேர் போலத் தொங்கும் வெள்ளை நாண்கள், அவற்றின் முனையில் சிவந்த தசைத் துணுக்கு. புதிய வால்வு குறையில்லாமல் உட்கார்ந்தது. ஆனால் இதய–நுரையீரல் இயந்திரத்திலிருந்து அவரை விடுவிக்க மூன்று முறை முயல வேண்டியிருந்தது. இதயம் துடித்தது, அழுத்தம் நிற்கவில்லை. ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்து வீட்டுக்குப் போனார். ஓராண்டு கழித்து வந்தவருக்கு எக்கோ எடுத்துப் பார்த்து, "வால்வு நன்றாக வேலை செய்கிறது" என்றேன். அவர் கோபப்படாமல் கேட்டார்: "வால்வு நல்லா இருக்குன்னு சொல்றீங்களே ஐயா, அப்புறம் எனக்கு ஏன் வரப்புல நடந்தா மூச்சு வாங்குது?" கீழறை பந்தாகிவிட்டிருந்தது. அதை அவருக்கு விளங்கச் சொல்லும் தெளிவு அன்று என்னிடம் இல்லை.

அவருடைய கேள்விக்கான பதிலை இன்று உங்களுக்குச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் அம்மாவுக்கும் கசிவு இருக்கிறது. வால்வு கசியும் காலத்தில் கீழறை தன் இரத்தத்தில் ஒரு பகுதியை அழுத்தம் குறைந்த மேலறைக்குள் திருப்பித் தள்ளிக்கொண்டிருக்கிறது. அது இலகுவான வேலை என்பதால் எக்கோவில் பம்பிங் சதவீதம், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை தன்னிடமுள்ள இரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்ற அளவு, நன்றாகவே தெரியும். வால்வை மாற்றியதும் அந்த இலகுவான வழி அடைபட்டு, முழு இரத்தத்தையும் மகாதமனியின் அழுத்தத்துக்கு எதிராகவே தள்ள வேண்டியிருக்கிறது. இப்படிப் பளு கூடும் அதே நேரத்தில் உட்கட்டையும் அறுத்துவிட்டால் இதயம் இரண்டு அடியை ஒன்றாக வாங்குகிறது. 1992-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதனை அளந்து காட்டியது. கசிவுக்காக வால்வு மாற்றியவர்களில், நாண்கள் அறுக்கப்பட்டவர்களின் பம்பிங் சராசரியாக 60 சதவீதத்திலிருந்து 36-ஆக விழுந்தது. நாண்கள் காக்கப்பட்டவர்களுக்கு 63-லிருந்து 61, அதாவது ஏறக்குறைய மாறவே இல்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 15 பேர். ஆனால் பின்னர் வந்த பெரிய ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின. வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்றால் நாண்களைக் காத்து மாற்றுவதே மேல் என்று அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. இன்னொரு பயனும் உண்டு. வளையத்தை ஒட்டிய இடத்தில் கீழறையின் பின்சுவர் கிழிந்துபோகும் விபத்து மிக அரிது. நேர்ந்தால் பெரும்பாலும் உயிர் மீளாது. பின்னிதழையும் அதன் நாண்களையும் விட்டுவைக்கும் பழக்கம் வந்த பிறகு அந்த விபத்து இன்னும் அரிதாகியிருக்கிறது.

உங்கள் பெரியம்மா நலமாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. அவருக்கு எல்லாம் வெட்டப்பட்டிருந்தும் இத்தனை ஆண்டு நன்றாக இருக்கிறார் என்றால், அவருடைய கீழறைத் தசை அந்த இழப்பைத் தாங்கும் வலிமையோடு இருந்திருக்கிறது. கசிவில்லாமல் சுருக்கம் மட்டும் இருந்தவர்களுக்குக் கீழறை விரிந்திருப்பதில்லை. அவர்கள் அப்படித் தாங்கிக்கொள்வது உண்டு. அவருக்கு எந்த வகை நோய் என்று எனக்குத் தெரியாததால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். அவர் பிழைத்தார் என்பதனால் அதே வழியை உங்கள் அம்மாவுக்கும் கேட்பது மட்டும் சரியாகாது.

நோய் திரும்ப வருமா என்று கேட்டீர்கள். உங்கள் பாட்டி சொன்ன மூட்டு வீக்கக் காய்ச்சல், ருமாட்டிக் காய்ச்சலாகவே இருந்திருக்க வேண்டும். தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக எழும் உடலின் எதிர்ப்பாற்றல், தவறுதலாக இதய வால்வையும் தாக்குவதால் வருவது அது. அன்றைய தாக்குதலின் தழும்புதான் இன்று சுருக்கமாகவும் கசிவாகவும் இருக்கிறது. வால்வில் இப்போது கிருமி கிடையாது. விட்டுவைக்கும் நாண் அழுகிய பழத்தின் துண்டு போலப் பக்கத்தில் இருப்பதைக் கெடுக்காது. அது ஆறிப்போன தழும்பு. கிருமி வால்வின் மேலேயே குடியேறி அதை அரிக்கும் இன்னொரு நோய் உண்டு. அதில் கிருமி தொட்ட இடத்தையெல்லாம் இரக்கமில்லாமல் வெட்டி எடுத்துத்தான் ஆக வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அது இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. 21 நாளுக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தால், வால்வு மாற்றியாயிற்றே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எத்தனை காலம் போட வேண்டும் என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும்.

சிக்கிக்கொள்ளாதா என்ற கேள்வி மிக நல்ல கேள்வி. சிக்கக்கூடும் என்பதே நேர்மையான பதில். ஆகவே அதைத் தவிர்ப்பதும் அறுவையின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. பின்னிதழ் அதிகம் தொந்தரவு தருவதில்லை. அதனை மடித்து, வால்வைத் தைக்கும் தையல்களுக்குள்ளேயே வளையத்தோடு சேர்த்துப் பிடித்துவிட்டால் அது ஓரமாக அடங்கிவிடும். நாண்களும் விறைப்பாக நிற்கும். முன்னிதழ்தான் கவனம் வேண்டுவது. இரத்தம் கீழறைக்குள் வரும் வழிக்கும் மகாதமனிக்குப் போகும் வழிக்கும் நடுவே திரைச்சீலை போலத் தொங்குவது அந்த இதழ். அதை முழுதாக விட்டுவிட்டுப் புதிய வால்வை வைத்தால், திரை போகும் வழியில் தள்ளப்பட்டு அதை அடைத்துவிடும். எனவே முன்னிதழின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, முக்கிய நாண்கள் சேரும் விளிம்புத் துண்டுகளை மட்டும் இரண்டாகப் பிரித்து, வளையத்தின் இரு பக்கங்களுக்கும் கொண்டுபோய்த் தைப்போம். திரையை இரண்டாகக் கிழித்து நிலைக்கதவின் இரு ஓரத்திலும் கட்டிவைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்வைத் தைத்து முடித்ததும், தகடுகளை மெதுவாகத் தள்ளி, ஒவ்வொன்றும் முழுதாகத் திறந்து மூடுகிறதா, நாணின் துணுக்கோ தையல் நூலின் முனையோ இடிக்கிறதா என்று பார்ப்போம். இடித்தால் வால்வை அதன் வளையத்துக்குள்ளேயே சற்றுத் திருப்பி வைக்கலாம். அல்லது அந்த ஒரு நாணை விட்டுக்கொடுக்கலாம். இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கிய பிறகு, உணவுக்குழாய் வழியாக எக்கோ குழாயை விட்டு, தகடுகளின் அசைவையும் மகாதமனிக்குப் போகும் வழியையும் பார்த்த பின்னரே மார்பை மூடுவது வழக்கம்.

உங்கள் மருத்துவர் "முடிந்தவரை" என்று சொன்னாரே, அந்தச் சொல்லைத் தயவுசெய்து தட்டிக்கழிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். ருமாட்டிக் நோயில் நாண்கள் தடித்து, குறுகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு நாண் என்று சொல்ல எதுவுமே மிஞ்சாமல், காம்புத் தசையின் தலை நேராக இதழில் ஒட்டியிருக்கும். மேலே சுண்ணாம்பு படிந்து, கத்தரி வைத்தால் நறநறவென்று சத்தம் வரும். எக்கோ இதில் பெரும்பகுதியைக் காட்டிவிடும், ஆனால் முழுவதையும் காட்டாது. மேலறையைத் திறந்து, கொக்கியால் இதழைத் தூக்கிப் பார்த்த பிறகே எது தேறும் என்று முடிவாகிறது. ஒட்டிய நாண்களைக் கத்தியால் கீறிப் பிரிக்கலாம். காம்புத் தசையின் தலையை நீளவாக்கில் பிளந்து இளக்கலாம். சுண்ணாம்பைச் செதுக்கி எடுக்கலாம். குறுகிப்போன நாணைப் பிடிவாதமாக விட்டுவைத்தால், அது காம்புத் தசையை எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் நன்மைக்குப் பதிலாகத் தீமையும் வரலாம். ஒன்றுமே தேறாவிட்டால் அவற்றை வெட்டிவிட்டு, கோர்டெக்ஸ் என்னும் செயற்கை இழையால் காம்புத் தசைக்கும் வளையத்துக்கும் நடுவே புதிய நாண்களைக் கட்டுவதும் உண்டு. என் அனுபவத்தில், மிக மோசமான ருமாட்டிக் வால்விலும் பின்னிதழின் சில நாண்களாவது பெரும்பாலும் கிடைத்துவிடும். அந்தச் சிலவற்றைக் காப்பதும் பயன் உள்ளதே.

செலவைப் பற்றி உறவினர்கள் சொன்னது தவறு. உங்கள் அம்மாவுக்கு முழு அளவு புதிய வால்வே வைக்கப்படுகிறது; அதன் விலை நாண்களை விட்டாலும் வெட்டினாலும் ஒன்றுதான். விட்டுவைப்பதற்காகத் தனியாக வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை, செயற்கை இழை தேவைப்பட்டாலொழிய. மருத்துவருக்குத்தான் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு மாற்று அறுவைக்கு இடம் உண்டு. அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே பதிந்துவையுங்கள்.

வால்வை மாற்றாமல் பழுதுபார்க்க முடியாதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. முடிந்தால் அதுவே முதல் தேர்வு. தன் வால்வும் இருக்கும், நாண்களும் இருக்கும், இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுவதும் மாத்திரை தின்ன வேண்டிய கட்டாயமும் பெரும்பாலும் இருக்காது. ஆனால் சுருக்கமும் கசிவும் சேர்ந்து, இதழ்கள் தோல் போல விறைத்துப்போன நிலையில் பழுதுபார்த்த வால்வு நெடுநாள் நிற்பது கடினம். சில ஆண்டுகளில் மறுபடி மார்பைத் திறக்க நேரிடும். ஆகவே மாற்றுவது என்று முடிவு செய்ததில் எனக்கு வியப்பில்லை. காரணத்தை ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவரிடம் என்ன கேட்பது என்றீர்கள். எல்லா நாண்களையும் காப்பாற்றுவேன் என்று வாக்குக் கொடுக்கும்படி கேட்காதீர்கள். அப்படி ஒரு வாக்கை நல்ல மருத்துவர் எவரும் தர மாட்டார், தந்தால் அதுவே கவலைக்குரியது. எக்கோவில் நாண்களின் நிலை எப்படித் தெரிகிறது, பின்னிதழை விட முடியும் என்று நினைக்கிறாரா, முன்னிதழை என்ன செய்ய எண்ணியிருக்கிறார், எதுவும் தேறாவிட்டால் செயற்கை நாண் வைக்கும் எண்ணம் உண்டா, இவ்வளவும் கேளுங்கள். கீழறையின் அளவும் பம்பிங் சதவீதமும் இப்போது எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கும் எக்கோவோடு ஒப்பிட அது வேண்டும். அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில், எந்த வால்வு, எந்த அளவு என்பதோடு, எந்த இதழ், எந்த நாண்கள் விடப்பட்டன என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பத்தாண்டு கழித்து வேறு ஊரில் வேறொரு மருத்துவர் எக்கோ எடுக்கும்போது, வால்வின் அடியில் ஏதோ இழை ஆடுகிறதே, இரத்தக்கட்டியோ என்று திகைத்துப்போகாமல் காப்பது அந்த ஒரு வரிதான். அந்தத் தாளை நகல் எடுத்து, ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் அட்டையோடு வைத்துவிடுங்கள்.

உலோக வால்வு வைத்தால், நாண்களைக் காத்தாலும் காக்காவிட்டாலும், இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை வாழ்நாள் முழுவதும் வேண்டும். இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு, மைட்ரல் இடத்தில் பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். மாத்திரையை ஒரு நாளும் விடாமல் ஒரே நேரத்தில் போடுவதும், குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்கு வருவதும் உங்கள் வீட்டாரின் பொறுப்பு. கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் போதும். பல் பிடுங்கப் போனால், வால்வு வைத்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

இனி ராட்டை. நடுவே பிளந்து கம்பியால் கட்டிய மார்பெலும்பு ஒட்டிக்கொள்ள ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முழு உறுதி பெற மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். ராட்டைச் சக்கரத்தை வலக்கையால் சுற்றும்போது தோளும் மார்பும் ஒரு பக்கமாகவே இழுபடுகின்றன. அதனால்தான் இலகுவான வேலை போலத் தெரிந்தாலும் அந்த மூன்று மாதத்துக்குள் வேண்டாம் என்கிறேன். தண்ணீர்க் குடமும் பாவுக் கட்டும் தூக்கவே கூடாது. நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும். முதலில் தெருக்கோடி வரை, பிறகு கடைவீதி வரை. மூன்று மாதம் முடிந்து மருத்துவர் பார்த்துச் சம்மதித்த பின், முதல் நாள் நான்கைந்து தார் மட்டும் சுற்றிப் பார்க்கட்டும். மூச்சு வாங்காமலும் நெஞ்சில் வலி இல்லாமலும் இருந்தால், மறுநாள் இன்னும் இரண்டு கூட்டிக்கொள்ளலாம்.